காணாமல் போன பார்ட்டிஷன்

தென்காசிப் பக்கம் ‘பார்ட்டிஷன்’ என்று சொன்னால் பெரியவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பாகப்பிரிவினைதான். அண்ணன் தம்பி நாலு பேர், ஒரு வயல், நடுவில் வரப்பு, சார்பதிவாளர் ஆபீசில் பதிந்த ஒரு பத்திரம். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிற பார்ட்டிஷனும் கிட்டத்தட்ட இதே சமாச்சாரம்தான். டிஸ்க் முழுக்க ஒரே வயல். யாருடைய பாகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதி வைத்த சின்னப் பத்திரம் ஒன்று அதன் தலைமாட்டில் இருக்கும். பார்ட்டிஷன் டேபிள் என்பது அதுதான்.

பத்திரம் தொலைந்தால் வயல் எங்கேயும் ஓடிப்போகாது. நெல்லும் அப்படியே நிற்கும். ஆனால் தொலைந்த பதட்டத்தில் யாராவது ஜே.சி.பி.யைக் கூட்டி வந்து வயலைச் சமன் பண்ணிவிட்டால்? எக்ஸ்டர்னல் டிஸ்க் விஷயத்தில் நிறைய பேர் செய்வது இதைத்தான். பார்ட்டிஷன் தொலைந்ததும் போவதை விட, அதற்கப்புறம் வரும் அரைமணி நேரத்தில் போவதுதான் அதிகம்!

தென்காசியில் ஒரு கல்யாண ஸ்டூடியோவில் ஒரு ஆடி மாதம் நடந்த கூத்தைக் கேளுங்கள்.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. கேமராவுக்கு லீவு, கம்ப்யூட்டருக்கு ஓவர்டைம். வைகாசியிலும் ஆனியிலும் எடுத்துத் தள்ளிய கல்யாணங்களை எல்லாம் எடிட் பண்ணி, ஆல்பம் போட்டு, ஆவணி பிறக்கும் முன்னால் பட்டுவாடா செய்தாக வேண்டும். ரோட்டில் குற்றாலத்துக்குப் போகிற வேன்களின் ஹாரன் சத்தம், வெளியே சாரல், உள்ளே மானிட்டர் முன்னால் மாமா. (ஸ்டூடியோக்காரர் பெயர் எதற்கு? கதையில் அவரைக் காப்பாற்ற வருகிறவன் அவருடைய அக்கா மகன். அதனால் மாமா என்றே வைத்துக்கொள்வோம்.) நாலு கல்யாணம், அத்தனையும் ஒரே 2 டி.பி. எக்ஸ்டர்னல் டிஸ்க்கில். மெமரி கார்டுகளை அடுத்தடுத்த கல்யாணங்களுக்காக எப்போதோ அழித்தாயிற்று. வேறு காப்பி கிடையாது.

ஆடிக்காற்றில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. யு.பி.எஸ். பேட்டரி செத்து நாலு மாதம் ஆகியிருந்தது. மத்தியானம் எடிட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பெரிய வெட்டு. கரண்ட் திரும்பி வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் இ டிரைவைக் காணோம். வயரைப் பிடுங்கிச் சொருகினார்கள். காணோம். வேறு போர்ட்டில் சொருகினார்கள். காணோம். உதவிக்கு இருந்த பையன் யூடியூப்பில் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தான். திறந்த உடனே ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்தால்தான் பயன்படுத்த முடியுமாம். ரொம்ப மரியாதையாகக் கேட்டது. பையனும் மரியாதையாக ஓகே கொடுத்தான்.

கீழே நீளமாக ஒரு கறுப்புப் பட்டை வந்தது. ‘அன்அலோகேட்டட்’. அதாவது புறம்போக்கு!

மேலகரத்தில் இருந்த மருமகனுக்குப் போன் போனது. இன்ஜினியரிங் மூன்றாம் வருடம்.

“மாப்ள, டிஸ்க்கு புதுசு கணக்கா காட்டுதுடே. உள்ள ஒண்ணையும் காணோம்.”

“மாமா, எதையும் அமுக்காதீய. பார்மேட்னு கேட்டுச்சா? குடுத்துட்டீயளா?”

“இன்னும் குடுக்கல. நெக்ஸ்ட்டு நெக்ஸ்ட்டுன்னு கேட்டுக்கிட்டு நிக்கு.”

“கேன்சல் போட்டுட்டு வயரை உருவி வைங்க. நான் வாரேன்.”

அந்த ‘நெக்ஸ்ட்’டை அமுக்கியிருந்தால் இந்தக் கதையின் முடிவே வேறு.

மாமாவின் பதட்டத்துக்கு நாலு கல்யாணத்தின் பாக்கிப் பணம் மட்டும் காரணம் இல்லை. ஆனியில் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் நடந்த கல்யாணம். பொண்ணோட அப்பா, கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கூட ஆகவில்லை, மாரடைப்பில் போய்விட்டார். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அவசரத்தில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிது பண்ணிப் போட்டிருந்தார்கள். ஆதார் படத்தில் யாருடைய முகம் யாருடைய முகம் மாதிரி இருந்திருக்கிறது? மகன் முந்தின நாள்தான் ஸ்டூடியோவுக்கு வந்து போயிருந்தான். “அண்ணே, பதினாறாம் நாளுக்குப் பிரேம் போடணும். கல்யாணத்துல எடுத்ததுல அப்பா நல்லா சிரிச்ச மாதிரி ஒண்ணு குடுங்கண்ணே.” நாளைக்கு வா, எடுத்து வைக்கிறேன் என்று மாமா சொல்லியிருந்தார். பதினாறாம் நாளுக்கு இன்னும் ஐந்து நாள்.

மருமகன் வந்து முதலில் செய்தது, டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டது. விளையாட்டுக்கு இல்லை. டக்... டக்... என்று தட்டுகிற சத்தம் வந்தால் அது இயந்திரக் கோளாறு, அதோடு நம் வேலை முடிந்தது. வயரைப் பிடுங்கிவிட்டு, சுத்தமான அறை வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி ஆட்களிடம்தான் போக வேண்டும். அப்போது ஒவ்வொரு முறை ஆன் பண்ணுவதும் தட்டின் மேல் கோடு கிழிப்பதற்குச் சமம். மாமாவின் டிஸ்க் சத்தமில்லாமல் சீராகச் சுற்றியது. தன் லேப்டாப்பில் சொருகி டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்தான். கறுப்புப் பட்டைதான், ஆனால் பக்கத்தில் 1863 ஜி.பி. என்று இருந்தது. மருமகனுக்குப் பாதி உயிர் வந்தது. (2 டி.பி. என்று விற்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அதனால்தான் 1863. யாரும் களவாடவில்லை.) அளவு சரியாகத் தெரிகிறது என்றால் டிஸ்க் உயிரோடு இருக்கிறது, பேசுகிறது என்று அர்த்தம். பூஜ்யமோ ஏதோ கோமாளித்தனமான எண்ணோ காட்டியிருந்தால் டிஸ்க்கின் சர்க்யூட்டிலோ பெட்டிக்குள் இருக்கும் யு.எஸ்.பி. பலகையிலோ சிக்கல்.

‘காணோம்’ என்பதில் பல ரகம் உண்டு. எல்லாவற்றிலும் லேசானது, பார்ட்டிஷன் நீலப் பட்டையோடு ஜம்மென்று இருக்கும், டிரைவ் எழுத்து மட்டும் இருக்காது. வேறொரு பென் டிரைவோ நெட்வொர்க் டிரைவோ அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ரைட் கிளிக் பண்ணி வேறு எழுத்து கொடுத்தால் தீர்ந்தது. இதற்குப் போய் ஐயாயிரம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்தது ‘ரா’ என்று காட்டும் ரகம். வரப்பு இருக்கிறது, உள்ளே இருக்கும் பைல் சிஸ்டத்தின் முதல் பக்கம் கிழிந்திருக்கிறது. பார்மேட் பண்ணவா என்று விண்டோஸ் கேட்பது இந்தக் கட்டத்தில்தான். மூன்றாவது மாமாவின் ரகம். வரப்பே இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து எந்த ரகம் என்று பார்ப்பதில் தப்பே இல்லை. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இனி அந்தப் பத்திரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம், ஏனென்றால் அதன் அளவு தெரிந்தால் யாருக்கும் சிரிப்பு வரும். 1983-இல் ஐ.பி.எம். நிறுவனம் பி.சி. எக்ஸ்.டி. என்ற கம்ப்யூட்டரை 10 எம்.பி. ஹார்ட் டிஸ்க்கோடு விற்க ஆரம்பித்தது. அதோடு வந்த டாஸ் 2.0-வில்தான் இந்தப் பார்ட்டிஷன் டேபிள் வந்தது. டிஸ்க்கின் முதல் செக்டர், 512 பைட். அதில் முதல் 446 பைட் கம்ப்யூட்டரைக் கிளப்பும் நிரலுக்கு. அடுத்த 64 பைட்தான் பத்திரம். பாகத்துக்கு 16 பைட் வீதம் நாலே நாலு பாகம். கடைசி 2 பைட் முத்திரை, 55 ஏஏ என்று இருக்கும். முத்திரை இல்லையென்றால் பத்திரம் செல்லாது. இதற்கு எம்.பி.ஆர். என்று பெயர். பாகத்தின் தொடக்கத்தையும் நீளத்தையும் 32 பிட் எண்ணில் எழுதுவதால், 512 பைட் செக்டர் வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 2.2 டி.பி.க்கு மேல் இதனால் எண்ண முடியாது. அதைத் தாண்டத்தான் ஜி.பி.டி. என்ற புது முறை. அதில் 128 பாகம் வரை எழுத இடம் உண்டு. அதைவிட முக்கியம், டிஸ்க்கின் கடைசியில் ஒரு நகலும் இருக்கும். சார்பதிவாளர் ஆபீசில் நகல் மனு போடுகிற மாதிரி, தலைமாட்டுப் பத்திரம் போனாலும் கால்மாட்டில் ஒன்று கிடைக்கும்.

மாமாவின் டிஸ்க் பழைய எம்.பி.ஆர். ரகம். நகல் கிடையாது.

சரி, பையன் கொடுத்த ஓகே என்ன செய்தது? கரண்ட் வெட்டினால் பத்திரம் தானாக அழிவது அபூர்வம், ஏனென்றால் அன்றாட வேலையில் யாரும் அந்த இடத்தில் எழுதுவதில்லை. முதல் செக்டரைப் படிக்க டிஸ்க் ஒரு தடவை தடுமாறினால் போதும், விண்டோஸ் அதைப் புது டிஸ்க் என்று நினைத்துக்கொள்ளும். அப்படி நினைத்து அது நீட்டிய வெற்றுப் பத்திரத்தில்தான் பையன் கையெழுத்துப் போட்டான். பழைய பத்திரத்தின் மேல் காலியான புது ஜி.பி.டி. எழுதப்பட்டது. முன்னால் 34 செக்டர், பின்னால் 33 செக்டர். மொத்தமே சுமார் 34 கே.பி.! ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்தின் அளவு கூட இல்லை. ஆனால் 2 டி.பி.யும் மாயம்.

நல்லகாலம் எங்கே என்றால், விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் பாகங்களை டிஸ்க்கின் நுனியிலேயே தொடங்குவதில்லை. 2048-ஆவது செக்டரில், அதாவது ஒரு எம்.பி. தள்ளித்தான் தொடங்கும். அந்த ஒரு எம்.பி. வெறும் களத்துமேடு. புதுப் பத்திரத்தின் முன்பகுதி விழுந்தது அங்கேதான். வயலில் ஒரு கதிர் கூடச் சாயவில்லை.

அடுத்து வரவிருந்த ‘நெக்ஸ்ட்’ அப்படியில்லை. குயிக் பார்மேட் என்பது பைல்களை அழிப்பதில்லை, ஆனால் எந்தப் பைல் எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்த அடங்கல் இருக்கிறதே (கிராம அதிகாரியிடம் இருக்குமே, எந்த நம்பரில் என்ன பயிர் என்று, அதே மாதிரி), அதன் முதல் பக்கங்களின் மேல் காலி அடங்கலை எழுதிவிடும். அதற்கப்புறம் மீட்டாலும் பெயர் போய், போல்டர் போய், நாலு கல்யாணமும் ஒன்றோடொன்று கலந்து வரும். குயிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு பார்மேட் கொடுத்திருந்தால் கேட்கவே வேண்டாம். விஸ்டாவிலிருந்து முழு பார்மேட் என்றால் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதுவதுதான். அதுதான் ஜே.சி.பி.

மருமகன் கை வைக்கும் முன் மாமாவை அழைத்துக்கொண்டு போய்ப் புதிதாக ஒரு 4 டி.பி. டிஸ்க் வாங்கினான். மாமாவுக்கு வயிறெரிந்தது. இருக்கிற ஒன்றை எடுக்க இன்னொன்றா? ஆமாம். பழுதான டிஸ்க்கில் நேரடியாக எந்த வித்தையும் காட்டக்கூடாது. முதலில் செக்டர் செக்டராக முழுசாக ஒரு நகல், பிறகு வித்தையெல்லாம் நகலின் மேல். பென் டிரைவில் போட்டு வைத்திருந்த லினக்ஸில் லேப்டாப்பைக் கிளப்பினான். (விண்டோஸ் மாதிரி அது பெட்டி பெட்டியாகக் கேள்வி கேட்காது என்பது ஒரு வசதி.) டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை ஓடவிட்டான். படிக்க முடிகிற இடத்தை முதலில் படித்து, தகராறு பண்ணும் இடத்தைக் கடைசியில் பொறுமையாகத் திரும்பத் திரும்பப் படிப்பது அதன் குணம். ஸ்டூடியோவின் பழைய கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி. 2 தான். அதில் செய்தால் நொடிக்கு 30 எம்.பி. வேகத்தில் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். லேப்டாப்பில் யு.எஸ்.பி. 3. ஆறு, ஏழு மணி நேரம்.

ஆறு ஏழு மணி நேரம் ஒரு ஸ்டூடியோவில் ஒரு டிஸ்க் செத்துக் கிடக்கிறது என்றால் ஊரில் சும்மா இருப்பார்களா? யோசனை சொல்ல ஆள் வந்துகொண்டே இருந்தது.

ஒருத்தர், பாலிதீன் பையில் சுற்றி பிரிட்ஜில் ஐஸ் பெட்டியில் வைக்கச் சொன்னார். இது இன்டர்நெட்டில் பல வருடமாகச் சுற்றும் பாட்டி வைத்தியம். சாரல் காலத்தில் குற்றாலத்தில் கொடியில் போட்ட துண்டு ரெண்டு நாளானாலும் காய்வதில்லை. அந்த ஈரக்காற்றில் சில்லென்று இருக்கும் டிஸ்க்கை எடுத்து வெளியே வைத்தால் உள்ளே தண்ணீர் பூக்கும். நல்ல டிஸ்க்கும் செத்துப்போகும்.

இன்னொருத்தர், பெட்டியை உடைத்து டிஸ்க்கை வெளியே எடுத்து நேரடியாக மதர்போர்டில் மாட்டச் சொன்னார். கேட்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் சில பெட்டிகளுக்குள் இருக்கும் யு.எஸ்.பி. பலகை, செக்டர் அளவை 512-இலிருந்து 4096 ஆக மாற்றிச் சொல்லும். வேறு சில, எழுதும் எல்லாவற்றையும் பூட்டுப் போட்டே எழுதும், பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும் கூட. அந்தப் பலகை இல்லாமல் மாட்டினால் நல்ல டிஸ்க்கிலேயே பார்ட்டிஷன் காணாமல் போகும்! பெட்டியை மாற்றிய அன்றைக்குத்தான் பார்ட்டிஷன் போனது என்பவர்கள் முதலில் பழைய பெட்டியைத் தேடி எடுங்கள்.

மூன்றாமவர் கொஞ்சம் விவரமானவர். செக்டிஸ்க் போடு என்றார். வரப்பே இல்லாத வயலில் செக்டிஸ்க் எங்கே போய் நிற்கும்? வரப்பு இருந்தாலும், பைல் சிஸ்டத்தின் கணக்கை நேர் செய்வதுதான் அதன் வேலை, உங்கள் பைலைக் காப்பாற்றுவது இல்லை. கணக்கில் இடிக்கிற பைலை வெட்டியாவது கணக்கை நேர் செய்யும். நகல் எடுக்கும் முன் அது தேவையில்லாத ஆணி.

டீக்கடைக்காரர் மட்டும்தான் யோசனை சொல்லாமல் டீ கொடுத்துவிட்டுப் போனார்.

ராத்திரி பத்து மணிக்கு நகல் முடிந்தது. படிக்க முடியாத செக்டர் ஒன்று கூட இல்லை. அடுத்து டெஸ்ட்டிஸ்க். கிறிஸ்தோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய இலவச, கட்டற்ற மென்பொருள். கறுப்புத் திரையில் வெறும் எழுத்து, மவுஸ் கூடக் கிடையாது. பார்க்க 1990-களின் சாமான் மாதிரி இருக்கும். பளபளப்பான ரெக்கவரி மென்பொருள்கள் முதலில் பைல் பெயரை எல்லாம் காட்டி ஆசை மூட்டிவிட்டுப் பிறகு கிரெடிட் கார்டு நம்பர் கேட்கும்போது, இது ஓசியில் செய்கிற வேலை பிரமாதம்.

பத்திரமே இல்லாமல் அது வரப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதைப் புரிந்துகொள்ளத் தென்காசிக்காரர்கள் ரொம்ப தூரம் போக வேண்டாம், செங்கோட்டை ரோட்டில் பிரானூர் வரைக்கும் போனால் போதும். பரோட்டாவுக்குப் பேர் போன அந்த இடத்துக்குப் பேரே ‘பார்டர்’. பஸ்ஸில் பார்டர் ஒண்ணு குடுங்க என்றுதான் டிக்கெட் கேட்பார்கள். ஆனால் அங்கே எந்த பார்டரும் கிடையாது! கேரள எல்லை மேற்கே, புளியரை தாண்டி மலை மேல் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் (1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி) இருந்தது, அப்போது எல்லை பிரானூரில். அன்றைக்குப் பத்திரம் மாறியது, எல்லை நகர்ந்தது. ஆனால் பேர் மண்ணில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. ஒரு பழைய மேப்பும் இல்லாமல், பரோட்டாக் கடை போர்டுகளை மட்டும் வைத்து ஒருவர் பழைய எல்லையை ஊகித்துவிட முடியும். 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானதும் அப்படித்தான். வீட்டுக்கு வீடு பீரோவில் இருக்கும் பழைய பத்திரங்களில் எல்லாம் ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்றே இருக்கிறது.

டெஸ்ட்டிஸ்க் தேடுவதும் இந்த மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும் அடையாளங்களைத்தான். என்.டி.எஃப்.எஸ். பாகம் ஒவ்வொன்றின் முதல் செக்டரிலும் என்.டி.எஃப்.எஸ். என்றே எழுதியிருக்கும். அந்தப் பாகம் எத்தனை செக்டர் நீளம் என்பதும் அதே இடத்தில் இருக்கும். அந்த முதல் செக்டரின் நகல் ஒன்று பாகத்தின் கடைசி செக்டரில் இருக்கும். அதாவது வயலின் ரெண்டு மூலையிலும் கல் நட்டு, கல்லிலேயே நீளமும் வெட்டி வைத்த மாதிரி. ரெண்டு கல்லும் கிடைத்து நீளமும் ஒத்துப்போனால் வரப்பு எங்கே இருந்தது என்பதில் சந்தேகமே இல்லை.

குயிக் சர்ச் கொடுத்ததும் பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது. ஒரே பாகம், 2048-இல் தொடக்கம். மருமகன் ‘பி’யை அமுக்கினான். ஒவ்வொரு கல்யாணத்தின் போல்டரும் மாப்பிள்ளை பொண்ணு பெயரோடு வரிசையாக வந்து நின்றது. மாமா எழுந்து வெளியே போய் ரெண்டு நிமிஷம் சாரலில் நின்றுவிட்டு வந்தார்.

இந்த இடத்தில் பலர் ‘ரைட்’ கொடுத்துப் பழைய டிஸ்க்கிலேயே பத்திரத்தைத் திரும்ப எழுதிவிடுவார்கள். எழுதலாம், பெரும்பாலும் சரியாகவே வரும். மருமகன் எழுதவில்லை. டெஸ்ட்டிஸ்க்கிலேயே பைல்களைத் தேர்ந்தெடுத்து வேறு இடத்துக்குக் காப்பி பண்ணும் வசதி உண்டு. புது டிஸ்க்கில் மிச்சம் இருந்த இடத்துக்கு அத்தனையையும் இறக்கினான். பழைய டிஸ்க் அன்றைக்கு இருந்த கோலத்திலேயே ஒரு டப்பாவுக்குள் போனது.

எல்லாருக்கும் இப்படி முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எஸ்.எஸ்.டி. என்றால் விதி வேறு. பார்மேட் ஆனதுமே ‘இந்த இடமெல்லாம் காலி’ என்று விண்டோஸ் டிஸ்க்குக்குச் சொல்லிவிடும், அதுவும் கர்ம சிரத்தையாக உள்ளே துடைத்துவிடும். பிட்லாக்கர் பூட்டுப் போட்ட டிஸ்க் என்றால் வரப்பைக் கண்டுபிடித்தாலும் பாஸ்வேர்டோ 48 இலக்க சாவியோ இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. அடங்கலும் போய்விட்டது என்றால் டெஸ்ட்டிஸ்க்கோடு கூடவே வரும் போட்டோரெக் ஒன்றுதான் கதி. அது பெயரையெல்லாம் பார்ப்பதில்லை. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் எஃப்.எஃப். டி8 என்ற பைட்களில்தான் தொடங்கும், அந்த மாதிரி தலையைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுக்கும். படங்கள் கிடைக்கும், துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் பெரிய வீடியோக்கள் கிடைப்பது கஷ்டம்.

மறுநாள் காலையில் மகனோடு அம்மாவும் ஸ்டூடியோவுக்கு வந்தார். மாமா பார்த்துப் பார்த்து எடுத்து வைத்திருந்தது மண்டபத்தில் மேடையில் எடுத்த படம். பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், நெற்றியில் சந்தனம், நேரான பார்வை. பிரேமுக்கு என்றே எடுத்த மாதிரி இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மத்ததையும் காட்டுங்க தம்பி என்றார். கல்யாணத்துக்கு மறுநாள் ரெண்டு வீட்டாரும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தார்கள், கேமராவும் கூடப் போயிருந்தது. அதில் ஒரு படம். தலையில் ஈரத்துண்டு, முகமெல்லாம் தண்ணீர், யாரோ ஏதோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரிக்கிறார். பின்னால் இருந்தவர்களை வெட்டி, துண்டைக் கொஞ்சம் சரிபண்ணி, பதினாறாம் நாளுக்கு அந்தப் படம்தான் பிரேமுக்குள் போனது.

டிஸ்க்கில் திரும்பாமல் போனது ஒன்றே ஒன்றுதான். கரண்ட் வெட்டிய நேரத்தில் திறந்திருந்த எடிட்டிங் ப்ராஜெக்ட் பைல். அளவு சரியாகக் காட்டியது, உள்ளே முழுக்கப் பூஜ்யம். அது அதே கல்யாணத்துடையது. பன்னிரண்டு நாள் வேலை. எடுத்த வீடியோ முழுக்கப் பத்திரமாக இருந்ததால் மாமா ஆடி முடியும் முன் உட்கார்ந்து முதலிலிருந்து மறுபடியும் வெட்டி ஒட்டினார். போன தடவை, கேமரா ஆடுகிறது, லென்ஸில் தண்ணீர் தெறிக்கிறது என்று ஐந்தருவிக் காட்சியில் முக்கால்வாசியைத் தூக்கிவிட்டிருந்தார். இந்தத் தடவை ஒரு நொடி கூட வெட்டவில்லை.